குளக்கட்டில் ஒரு பட்டர் மரம்

ஒரு செடி முளைப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. மற்றவர்கள் முளைவிட்டதைக் கண்டால் ஒரு கை தண்ணீர் ஊற்றுவார்கள். அவர் குனிந்து பிடுங்கிவிடுவார். இலையைக் கிள்ளுவதோ கத்தியால் சீவுவதோ கிடையாது. அடியில் இரண்டு விரலை விட்டு மண்ணைத் தளர்த்தி, வேர் அறுந்துவிடாமல் உருவி எடுத்து, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நுனிவரை வந்திருந்தால் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பாதியில் அறுந்திருந்தால் அன்றைக்கு முழுக்க ஆள் சரியாக இருக்க மாட்டார்.

ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம் அது. அறைகள் வரிசையாக ஒட்டியிருக்கிற லயத்தில் எங்கள் அறைக்கும் அவருடைய அறைக்கும் ஒரே சுவர். நான் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவருக்குத் தோட்டத்துக் குளத்தின் கரைக்கட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிடும்போது மட்டும் அது காதில் விழும். மற்ற நேரமெல்லாம் அவர் கட்டுக்காரர்தான்.

லயத்தில் எல்லோர் வாசலிலும் ஏதாவது இருக்கும். கறிவேப்பிலை, மரவள்ளி, மிளகாய்க் கன்று, அதுவும் இல்லாவிட்டால் தகர டின்னில் ஒரு சாமந்தி. அவர் வாசல் மட்டும் மொட்டைத் தலைபோல இருக்கும். நான் ஒருமுறை ரோசாக் குச்சி ஒன்று ஊன்றினேன். அது துளிர்விட்ட அன்று மனிதர் அதன் முன்னால் வந்து நின்றுகொண்டார். கை துறுதுறுத்தது எனக்குத் தெரிந்தது. "அண்ணே, இது கொளக்கட்டு இல்ல, என் வாசல்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனாலும் ஒரு வாரம் அந்த ரோசாவுக்கு நான் காவல் இருந்தேன்.

கோயில் சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. சாமி மரத்தில் கை வைக்கலாமா என்று பூசாரி கத்தினார். சுவர் விழுந்தால் சாமி எங்கே இருக்கும் என்று இவர் கேட்கவில்லை. அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. கன்றை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

குளம் எங்கள் லயத்துக்கு மேலே, இரண்டு மலைகள் நெருங்குகிற இடத்தில் இருந்தது. பெரிய குளம் இல்லை. அணை முழுக்க மண்தான், கல்லும் இல்லை சிமெண்டும் இல்லை. கீழ்ப்பாதி ராசா காலத்துக் கட்டு என்று கிராமத்துச் சிங்கள ஆட்கள் சொல்வார்கள். தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை அதன்மேல் இன்னும் மண் போட்டு உயர்த்தினார், அந்த மண்ணை எங்கள் பாட்டன் பாட்டிமார் தலையில் சுமந்தார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான் போலிருக்கிறது. மழை பெய்து கட்டின் ஓரம் கரையும்போது பார்த்தால் கீழே ஒரு நிறமும் மேலே ஒரு நிறமுமாக மண் தெரியும்.

குளத்துக்கு இரண்டு மதகுகள். பகலில் ஒன்றைத் திறந்தால் தண்ணீர் தேயிலைத் தொழிற்சாலைக்கும் லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிகளுக்கும் வரும். சாயங்காலம் அதை அடைத்து மற்றதைத் திறந்தால் விடியும்வரை கிராமத்து வயல்களுக்குப் போகும். யார் எப்போது பேசிவைத்த ஏற்பாடு என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் திறந்து அடைக்கிறவர் இவர். கிராமத்துப் பக்கம் தண்ணீரைப் பங்கிடுகிறவர் வெல் விதானை. வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும் கிழவர். இரண்டு பேரும் கட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தமிழ் பாதி, இவருக்குச் சிங்களம் பாதி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு எல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்.

சித்திரை வருசப்பிறப்புக்கு முன்னால் கட்டைத் துப்புரவாக்கும் நாள் ஒன்று உண்டு. கிராமத்தில் வீட்டுக்கு ஒருவர் வருவார்கள், தோட்டத்திலிருந்து நாலைந்து பேர் போவோம். புல்லை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுப்போம். புல் மண்ணைப் பிடிக்கும், மரம் மண்ணைத் தின்னும் என்பது அவர் கணக்கு. அரசங்கன்று வந்தால் மட்டும் கிராமத்து ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். அது அவர்களுக்குப் புத்தர் மரம். எங்களுக்கும் அது சாமி மரம்தான். ஆனாலும் அவர் போவார். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "கோவிச்சுக்காத. இது ஒன் எடம் இல்ல" என்று சொல்லிவிட்டு உருவுவார். பிறகு அதைச் சுமந்துபோய் கீழே ஆற்றோரத்தில் நட்டுவிட்டு வருவார். அவர் நட்ட செடி என்று உலகத்தில் ஏதாவது இருந்தால் அது அந்த அரசமரங்கள்தான்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"மரம் உசுரோட நிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, தங்கச்சி. அது செத்தா உள்ள வேரு மக்கிப்போகும். வேரு இருந்த எடம் பொந்தா நிக்கும். தண்ணிக்கு ஒரு பொந்து போதும்" என்றார்.

பொந்து விழுந்தால் கட்டு போகும். கட்டு போனால் கீழே இருக்கிற வயலும் வீடும் போகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு மரம் அந்தக் கட்டின்மேல் வளர்ந்தது.

அவருக்கு ஒரு மகள். பிரசவத்தில் தாய் போய்விட்டாள். பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது நான்தான். எட்டு வயதிலிருந்து அவளே சமைத்தாள். காலையில் பத்து மணிக்குப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு கட்டுக்குப் போவாள். அப்பனும் மகளும் குடித்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் வேலை சொல்லப் போக மாட்டார்கள். வாய் நிறையப் பேசுகிற பெண். அவர் பேசாததையெல்லாம் சேர்த்து அவள் பேசினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பையனுக்கு அவளைக் கொடுத்தார்கள். அப்போதுதான் இரண்டு அரசாங்கங்களும் கூடிப் பேசி, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் அங்கேயா இங்கேயா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் இந்தியாவுக்கு எழுதினார்கள். இவர் இங்கேயே இருக்க எழுதினார். ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, கட்டை விட்டுவிட்டு எங்கே போவது என்றார். கல்யாணம் பேசுவதற்கு முன்னால் எழுதிக்கொடுத்தது அது. பிறகு மாற்றவும் அவருக்குத் தெரியவில்லை, மாற்றுகிற மனிதரும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சீக்கிரமே பாஸ்போர்ட் வந்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின வாரம் அவள் அப்பாவைப் பார்க்க வந்தாள். வழக்கம்போலத் தேத்தண்ணிப் போத்தலோடு கட்டுக்குப் போனாள். வெண்ணெய்போலச் சதையுள்ள பட்டர் பழம் ஒன்றை வெட்டிச் சீனி போட்டு இரண்டு பேரும் தின்றிருக்கிறார்கள். தின்றுவிட்டு அந்தக் கொட்டையைக் கட்டின் சரிவில் வைத்து குதிகாலால் அழுத்தியிருக்கிறாள். அன்று சாயங்காலம் தலைவாரிக்கொள்ள என்னிடம் வந்தபோது அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"இத மட்டும் புடுங்காதீங்கப்பான்னு சொல்லிட்டு வந்திருக்கேன் அத்த. புடுங்காம இருப்பாரான்னு பாப்போம்."

பதுளை ஸ்டேசனிலிருந்து அந்த ரயிலில் போனார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று எல்லோரும் அதைச் சொல்வோம். வண்டி அசைந்ததும் பிளாட்பாரம் முழுக்க ஒரே அழுகை. நானும் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. சன்னலோரம் உட்கார் என்று மட்டும் மகளிடம் சொன்னார். வண்டி போனதும் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஹாலிஎலவில் இறங்கி மலை ஏறி நேரே கட்டுக்குப் போய்க் கிராமத்து மதகைத் திறந்துவிட்டார். அதற்குச் சரியான நேரம் அதுதான்.

கொட்டை முளைத்துவிட்டது. ஒரு நாள் பிள்ளைகளின் துணிகளை அலச மேலே போனபோது பார்த்தேன். சிவப்புத் தண்டும் இரண்டு இலையுமாக நின்றது. அவர் சரிவில் களை எடுத்துக்கொண்டே வந்தார். அதன் அருகில் வந்ததும் குனிந்தார். இரண்டு விரல் மண்ணுக்குள் போயிற்று. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

அந்தச் சித்திரைக்குத் துப்புரவு நடந்தபோது எல்லோர் கண்ணிலும் அது பட்டது. கிராமத்துப் பையன் ஒருவன் கையை நீட்டினான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். பையன் கையை எடுத்துக்கொண்டான். அவரே விட்டு வைத்திருக்கிறார் என்றால் அதனால் கெடுதல் இருக்காது என்று நினைத்திருப்பார்கள். கட்டு விசயத்தில் அவர் கையை அவ்வளவு நம்பினோம். எனக்கு மட்டும் விசயம் தெரியும். கேட்டேன். சின்னதுதானே, அடுத்த வருசம் எடுத்துவிடலாம் என்றார். அடுத்த வருசமும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த வருசம் நான் கேட்கவில்லை.

மகளிடமிருந்து முதலில் கடிதங்கள் வந்தன. திருச்சிப் பக்கம் என்றும், பிறகு ஏதோ மலைத் தோட்டம் என்றும் எழுதியிருந்தாள். பிறகு வரவில்லை. இவர் எழுதச் சொல்லி நான் எழுதிப் போட்ட கடிதங்கள் திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. இருக்கிறாளா என்று வாய்விட்டு ஒருநாளும் அவர் கேட்டதில்லை. மரம் ஆள் உயரத்தைத் தாண்டி லயத்துக் கூரை உயரத்துக்கு வந்துவிட்டது.

அதற்குள் பஞ்சம் வந்தது. அரிசி இல்லை, மா இல்லை, பாண் ரொட்டி ஒன்றுக்கு விடியுமுன்பே வரிசை. தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்தார்கள். துரைமார் மாறினார்கள், அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கொண்டது, எங்கள் வயிற்றுக்கு ஒன்றும் மாறவில்லை. செத்தவர்களைத் தூக்க ஆள் கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் அழுவதற்குத் தெம்பு இருக்காது. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் துக்கம் வருவதில்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருசம்தான் மரம் முதன்முதலாகக் காய்த்தது. அவர் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. சாக்கில் பறித்துக்கொண்டு வந்து பிள்ளைக் காம்பரா வாசலில் வைத்தார். பாதியை விதானையிடம் கொடுத்ததாகச் சொன்னார். நான் பிசைந்து ஊட்டினேன். வெறும் வயிற்றில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அதைத் தின்றுவிட்டுத் தூங்கின. அன்றைக்கு அந்த மரத்தை வாழ்த்தினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த மார்கழி மழையில் கட்டின் அடியில் ஈரம் கண்டது, மரத்துக்கு நேர் கீழே.

முதலில் கண்டது அவர்தான். மறைக்கவில்லை. அன்றே விதானையைக் கூட்டிவந்து காட்டினார். மரத்தை வெட்டிவிடலாமே என்று புதுத் துரை சொன்னார். வெட்டினால் வேர் உள்ளே மக்கும், அப்போது இன்னும் மோசம். அப்படியே விட்டால் காற்றில் மரம் ஆட ஆட வேர் மண்ணை இளக்கும். குளத்தைக் காலியாக்கி, கட்டைத் தோண்டி, வேரை மொத்தமாக எடுத்து, புது மண் போட்டு இடிப்பது ஒன்றுதான் வழி. ஆனால் கீழே கிராமத்து வயலில் பயிர் நின்றது. பஞ்ச காலத்தில் அந்த ஒரு போகத்தை நம்பித்தான் கிராமம் முழுக்க உயிரோடு இருந்தது. இப்போது குளத்தைத் திறந்துவிட்டால் பயிர் காயும். திறக்காமல் கட்டு உடைந்தால் பயிரோடு ஆட்களும் போவார்கள்.

தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவைத்துக்கொண்டு அறுவடைவரை பார்ப்பது என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். லயத்துக்குப் பீலித் தண்ணீர் நின்றது. நாங்கள் ஆற்றுக்கு நடந்தோம். சிலர் அவரைத் திட்டினார்கள், அவர் காதுபடவே திட்டினார்கள். அவர் தினமும் காலையில் மகளின் அந்தப் பழைய தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு போய், கசிகிற தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் வெறும் கசிவு. கலங்கி வந்தால் கட்டின் உள்மண் கரைகிறது என்று அர்த்தம். தை மாதம் முழுக்கத் தெளிவாக வந்தது. மாசியிலும் தெளிவாகத்தான் வந்தது.

பங்குனி பிறந்து, கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கிய நேரத்தில் போத்தலில் மண் வந்தது.

அவர் போத்தலோடு நேரே கிராமத்துக்கு இறங்கினார். மகள் போட்ட கொட்டை என்று தெரிந்தேதான் விட்டேன், வருசா வருசம் எடுக்கிறேன் என்று சொல்லி எடுக்கவில்லை, என்னால்தான் என்று விதானையிடம் சொல்லியிருக்கிறார். விதானை போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாராம்.

"நாங்களும் பாத்தது தானே. எங்களுக்கும் கை இருந்திச்சி. ஒருத்தரும் புடுங்க இல்ல" என்றாராம்.

இதை அவரே என்னிடம் சொன்னார். அந்த வருசங்களில் அவர் முகத்தில் ஏதாவது அசைந்ததை நான் பார்த்தேன் என்றால் அது அப்போதுதான்.

அன்றே மதகைத் திறந்துவிட்டார்கள். தோட்டத்தில் வேலையில்லாமல் இருந்த நாங்களும் இறங்கி, முற்றாத நெல்லை அவர்களோடு சேர்ந்து அறுத்தோம். பாதிக்குப் பாதி பதர். இருந்ததைக் கிராமத்து ஆட்கள் குற்றிக் கஞ்சி காய்ச்சினார்கள். அறுத்தவர்களுக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார்கள். அந்தச் சித்திரைக்கு இரண்டு பக்கமும் பலகாரம் இல்லை.

கட்டைத் துப்புரவாக்கும் நாளில் எல்லோரும் மரத்தைச் சுற்றி நின்றோம். குளத்தில் சேறு மட்டும் கிடந்தது. அவர் மரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார் என்று நினைத்தோம். விதானையும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவர் வாயே திறக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டை வெட்டினார்.

கிளைகளைக் கழித்து, அடிமரத்தை ஆள் உயரத்துக்கு விட்டுத் தோண்டினார்கள். ஒவ்வொரு வேராகப் பின்தொடர்ந்து போனார்கள். தடித்த வேர்களை மற்றவர்கள் வெட்டினார்கள். மெல்லிய வேர்களை அவர் தன் விரலால் உருவினார். ஒன்று ராசா காலத்து மண்வரைக்கும் போயிருந்தது. அதையும் விடவில்லை. நுனி வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு பள்ளத்தில் களிமண் கொட்டி, விதானையின் எருமைகளை நடக்கவிட்டு, நாங்கள் திமிசுக்கட்டையால் இடித்தோம். வேலை முடியப் பல நாள் ஆயிற்று.

எடுத்த மரத்தை எரித்துவிடலாம் என்று நாங்கள் நினைத்தோம். விதானை விடவில்லை. ஆட்களைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து, இவருடைய அந்த மொட்டை வாசலில் குழி வெட்டி நட்டுவிட்டார். தழைக்கும் என்றார். வேரெல்லாம் போன மரம் தழைக்காது என்பது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இவர் சரி என்றார். தினமும் சாயங்காலம் கட்டுக்குப் போகும் முன்னால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். பட்டை சுருங்கியது. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஒரு துளிர் வரவில்லை. எந்த முளையையும் விட்டுவைக்காத மனிதர் ஒரு செத்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை லயமே பார்த்தது. யாரும் கேலி செய்யவில்லை.

குளம் மறுபடி நிறைந்து கசிவில்லாமல் நின்ற பிறகு ஒருநாள் அவரைத் தோட்டத்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன்.

"நான் இந்த ஊருதானாம், தங்கச்சி. இங்க இருக்க எழுதிக் குடுத்ததுக்கு இப்பதான் பதில் வந்திருச்சாம்" என்றார்.

நல்லதுதானே அண்ணே என்றேன். ஆமாம் என்றார்.

வாளியில் தண்ணீர் மொண்டு வந்தார். ஊற்றவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அவ்வளவுதான், சாய்ந்து வந்துவிட்டது. குந்தி உட்கார்ந்து அடியைத் திருப்பிப் பார்த்தார். கறுத்த முண்டுகள்தான் இருந்தன, புது வேர் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை.

"கோவிச்சுக்காத. இது ஒன் எடம் இல்ல" என்றார்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அரசங்கன்றுகளைப்போல இதையும் எங்கேயாவது தூக்கிக்கொண்டு போவாரோ என்று பார்த்தேன். கோடாலியை எடுத்து வந்து துண்டு போட்டார். துண்டுகளைக் கொண்டுவந்து என் அடுப்பு ஓரத்தில் அடுக்கினார். நன்றாகக் காய்ந்திருக்கிறது, அடுப்புக்கு ஆகும் என்றார். ஆயிற்று. புகையில்லாமல் எரிந்தது. அதில் சுட்ட ரொட்டியை ஒன்று கொடுத்தேன். நின்றுகொண்டே தின்றார். கையைக் கழுவிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லி, கிராமத்து மதகைத் திறக்கப் போய்விட்டார்.